தெளித்தவன் அவசரக்காரனா?

ஆவணி பிறந்துவிட்டால் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எந்த டீக்கடையில் நின்றாலும் காதில் விழும் கேள்வி ஒன்றுதான். "தெளிச்சாச்சா?" ஆற்றுத் தண்ணீர் எட்டிப் பார்க்கும் முன்பே காய்ந்த புழுதியில் நெல்லைத் தெளித்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு பக்கம். வாய்க்காலில் தண்ணீர் வரட்டும், அப்புறம் நாற்று விடலாம் என்று விதைநெல்லைக் கட்டி வைத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். முதல் கூட்டத்துக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். இரண்டாவது கூட்டத்துக்குத் தொடைநடுங்கி என்று பெயர். தை அறுப்பு முடிந்ததும் இந்தப் பட்டங்கள் இடம் மாறிவிடும். தப்பிப் பிழைத்தவன் எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் அவன்தான் விவரமானவன்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்றும் சொல்வார்கள். இரண்டையும் சொல்வது ஒரே வாய்தான், விளைச்சலைப் பார்த்துவிட்டுச் சொல்லும். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒருவன் எடுத்த முடிவு சரியா தவறா என்பதை, அதற்குப் பிறகு பெய்த மழையை வைத்து எப்படித் தீர்மானிப்பது?

மேட்டூரையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் டெல்டாவுக்குக் காவிரித் தண்ணீர் விடும் அணை அது. வழக்கப்படி திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. குறுவை என்னும் குறுகியகால நெல்லுக்கு வயது 110 நாள் என்று வைத்துக்கொண்டால், ஜூன் கடைசியில் விதைத்தது அக்டோபர் நடுவில் அறுப்புக்கு வரும். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன் நெல் கரையேறிவிடும். அந்தக் கணக்கில்தான் தேதி பிறந்தது. ஆனால் 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2017-இல் அக்டோபர் 2 வரை இழுத்தது. பிறகு 2022-இல் அணை நிரம்பும் நிலைக்கு வந்து மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். அந்த வருடம் முந்திக்கொண்டு குறுவை போட்டவர்களுக்கு ஊரில் நல்ல பெயர். மறு வருடம், 2023-இல், சரியாக ஜூன் 12 அன்று திறந்தார்கள். முந்தின வருடம் பார்த்தவர்கள் நம்பி இறங்கினார்கள். கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய தண்ணீர் வரவில்லை. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக் குறுவை கதிர் வாங்கும் நேரத்தில் கருகியது. அக்டோபர் 10 அன்று அணையையே மூடிவிட்டார்கள். கருகிய பயிருக்கு அரசு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2024-இல் இன்னொரு விதம்: ஜூன் 12-க்குத் திறக்கத் தண்ணீர் இல்லை, ஜூலை 28-இல் திறந்தார்கள், அடுத்த இரண்டு நாளில் அணை நிரம்பி வழியும் நிலைக்கு வந்துவிட்டது.

2022-இல் குறுவை போட்டவரும் 2023-இல் குறுவை போட்டவரும் ஒரே ஆள்தான். அதே நிலம், அதே யோசனை, அதே அரசாங்க அறிவிப்பை நம்பிய அதே நம்பிக்கை. முதல் வருடம் கெட்டிக்காரர், அடுத்த வருடம் "யோசிக்காம எறங்கிட்டான்". அவர் இரண்டு தடவையும் யோசித்துத்தான் இறங்கினார். காவிரி பிறக்கும் குடகில் மழை பெய்யாததற்கு அவர் என்ன செய்வார்?

புழுதி விதைப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்தால் சூதாட்டம் என்றே நினைப்பார்கள்.

கல்லணையில் திறந்த தண்ணீர் வெண்ணாற்றில் வந்து, நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, அதற்குப் பிறகு வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் மேல்மடையில் நடவே முடிந்திருக்கும். போர்வெல் போட்டுச் சமாளிக்கலாம் என்றால் கடலோரம் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. ஆக, ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருந்து, நாற்று விட்டு, அது ஒரு மாதம் வளர்ந்து, பறித்து நட்டால் ஐப்பசி பாதி போய்விடும். நட்ட பயிர் வேர் பிடிக்கும்போது அடைமழை வந்து நிற்கும். ஒரு சாண் பயிர், மேலே இரண்டு சாண் தண்ணீர். வடிகால் வேலை செய்யாத வருடத்தில் பயிர் அழுகுவதை வரப்பில் நின்று பார்க்கத்தான் முடியும்.

ஆவணியில் புழுதியில் தெளித்தால் கதை வேறு. கோடை உழவு ஓட்டி மண்ணைப் பொடியாக்கி வைத்திருப்போம். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை இரண்டு பெய்தால் விதை முளைத்துவிடும். சிஆர் 1009 போன்ற நீண்டகாலச் சம்பா நெல் என்றால் வயது ஏறக்குறைய 155 நாள், தையில் அறுக்கலாம். கார்த்திகை வெள்ளம் வரும்போது அது இரண்டு மாதப் பயிர். வேர் பிடித்து, தூர் கட்டி, தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று தெரிந்தவன் செய்கிற வேலை இது. அவன் பயப்படுவது புரட்டாசி வறட்சியைவிடக் கார்த்திகை வெள்ளத்துக்கு.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆபத்து அரைகுறை மழை. நல்ல மழை பெய்தால் பயிர். மழையே இல்லையென்றால் விதை மண்ணில் சும்மா கிடக்கும், குருவியும் எறும்பும் தின்றது போக மிச்சம் காத்திருக்கும். மேலாக ஒரு தூறல் போட்டு, விதை வாயைத் திறந்த பிறகு பத்து நாள் வெயில் காய்ந்தால்தான் குடி கெட்டது. மண்ணைக் கிள்ளிப் பார்த்தால் வெள்ளையாக ஒரு முளை நீட்டி, நுனி பழுப்பாகக் கருகிக் கிடக்கும். அந்த விதை இனி எதற்கும் ஆகாது. விதையைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து மறுபடி உலர்த்தித் தெளித்தால் வறட்சியைக் கொஞ்சம் தாங்கும் என்று வேளாண் துறையில் சொல்லித் தருகிறார்கள். செய்கிறவர்கள் செய்கிறார்கள், பலனும் தெரிகிறது.

ஆனால் என் வீட்டில் இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. அது அம்மாவின் வைத்தியம். அப்பா தெளிப்புக்குக் கிளம்பும் நாளில் அம்மா விதை மூட்டைகளை எண்ணிப் பார்ப்பார். மூன்று மாவுக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கருக்குத் தெளிக்கப் போகிறார் என்றால் ஒரு மாவுக்கு உண்டான விதையைத் தனியே எடுத்து உள்ளறையில் வைத்து, மேலே முறத்தைக் கவிழ்த்துவிடுவார். அப்பாவுக்குக் கோபம் வரும். "நல்ல காரியத்துக்குப் போறப்ப கெட்டதையே நெனைக்கிறியே" என்பார். அம்மா குரலை உயர்த்தமாட்டார். "மழை உங்க சொல்லு கேக்குமா? கேட்டுச்சுன்னா இதையும் கொண்டு போங்க. அதுவரைக்கும் உள்ளயே கெடக்கட்டும்." முளை கருகிய வருடங்களில் அந்த மூட்டைதான் நாற்றங்காலாகி, முளைக்காத இடங்களை நிரப்பியது. கருகாத வருடங்களில் அது அரிசியாகிச் சோறானது, அவ்வளவுதான். அப்பாவின் துணிச்சலில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அம்மா அதைத் தடுக்கவும் இல்லை. அது பொய்த்தால் மறுபடி எழுந்து நிற்க ஒரு பிடிமானத்தை ஒதுக்கி வைத்தார். நான் பார்த்த வரையில் நிதானம் என்பது அந்த உள்ளறையில், முறத்துக்குக் கீழே இருந்தது.

எங்கள் முன்னோர்கள் இதை விதையிலேயே செய்திருக்கிறார்கள். பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் குறுவை நெல்லையும் ஒட்டடையான் என்ற நீண்டகால நெல்லையும் கலந்து ஒரே வயலில் விதைக்கும் வழக்கம் இருந்தது. குறுவை முதலில் விளையும், அதை அறுத்துவிடுவார்கள். தாளோடு தாளாக அறுபட்ட ஒட்டடையான் மறுபடி துளிர்த்துக் கிளம்பி, மழைக்காலத்தைத் தாண்டித் தையில் கதிர் கொடுக்கும். ஒன்று போனால் ஒன்று. இன்றைக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் சிஆர் 1009 சப் 1 ரகமும் அதே யோசனையின் தொடர்ச்சிதான்: இரண்டு வாரம்போல மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் பிழைத்துக்கொள்ளும் குணத்தை நெல்லுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். வெள்ளம் வராது என்று யாரும் நம்பவில்லை. வரும் என்று வைத்துக்கொண்டுதான் விதைக்கிறார்கள்.

சரி, அப்படியானால் உண்மையான கண்மூடித்தனம் எது? நான் என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இறால் பண்ணைகள்.

1990-களின் தொடக்கத்தில் சீர்காழி, தரங்கம்பாடி தொடங்கித் தெற்கே வேதாரண்யம் வரை கடலோரத்தில் இறால் காய்ச்சல் அடித்தது. ஏக்கர் கணக்கில் நிலம் கைமாறியது. நெல் விளைந்த வயலை வெட்டிக் குட்டை ஆக்கி, கடல் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றினார்கள். ஒரு போகத்தில் போட்ட முதல் திரும்பும் என்ற பேச்சு. பக்கத்துக் குடிசைக்காரர்கள் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கிணற்றுத் தண்ணீர் கரித்தது. பக்கத்து வயலில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. ஒரு வேலி, அதாவது ஆறேழு ஏக்கர் நெல் வயலில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் எத்தனை பெண்களுக்கு வேலை கிடைக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதே நிலம் குட்டையானால் காவலுக்கு இரண்டு மூன்று ஆட்கள் போதும். நடவுக்குப் போன பெண்கள் வேலை தேடிப் பஸ் ஏற ஆரம்பித்தார்கள். குடிதண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார்கள்.

பிறகு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. குட்டை குட்டையாக இறால் செத்து மிதந்தது. பெரிய முதலீட்டுக்காரர்கள் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். உப்பேறிய மண் இங்கேயே இருந்தது.

சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் அந்த மக்களைக் கூட்டிப் போராடினார்கள். ஜெகந்நாதன் பெயரிலேயே வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நின்ற இடம் இரண்டு கோட்பாடுகள்: கெடுதல் வரும் என்று அஞ்சக் காரணம் இருந்தால் முழு நிரூபணம் கிடைக்கும்வரை கைகட்டி இருக்கக்கூடாது, முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பது ஒன்று, கெடுத்தவன்தான் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பது இன்னொன்று. படிக்கும்போது எனக்கு அம்மாவின் முறம்தான் ஞாபகம் வந்தது. தீர்ப்பு வந்தும் எல்லாக் குட்டையும் போய்விடவில்லை. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு என்று தனிச் சட்டம் வந்து, பண்ணைகளுக்குப் பதிவுமுறை வழி திறந்தது. அது வேறு வழக்கு, வேறு கோபம்.

புழுதியில் தெளித்தவன் தோற்றால் அவன் விதைநெல் போகும், அவன் உழவுக்கூலி போகும். குட்டை வெட்டியவன் தோற்றபோது போனது அடுத்தவன் கிணறு. இரண்டு பேரையும் "துணிஞ்சு எறங்கினான்" என்று ஒரே வார்த்தையில் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. ஐப்பசி மழையில் ராத்திரியோடு ராத்திரியாக வரப்பை வெட்டித் தன் வயல் தண்ணீரைப் பள்ளத்து வயலில் இறக்கிவிடுகிறவனும் இந்த இரண்டாவது வகைதான். அவன் பயிர் பிழைக்கும். காலையில் மண்வெட்டியோடு எதிரெதிரே நிற்கும் இரண்டு குடும்பங்கள் அதற்குப் பிறகு பத்து வருடம் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகமாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்கிறோம். பொறுத்திருக்கப் பணம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்.

எங்கள் வயலுக்கு அடுத்த நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மாவுக்கு இத்தனை மூட்டை என்று பேசியிருக்கிறார்கள். வெள்ளம் வந்தாலும் வறண்டாலும் பெரும்பாலும் அந்தப் பேச்சு மாறாது. அவர் நெல்லை அறுத்து நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போகிறார். 2025-26 பருவத்தில் அரசு கொடுத்த விலை குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மத்திய அரசு தளர்த்தினால் கொஞ்சம் கூடுதல். ஒரு கைப்பிடி நெல்லைக் கருவிக்குள் போட்டுப் பார்க்கிறார்கள். கூடுதலாகக் காட்டினால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள். களத்தில் இடமில்லை, ரோட்டில் கொட்டுகிறார். சாயங்காலம் மேகம் கூடுகிறது. படுதாவுக்கு நாள் வாடகை. ராத்திரி மழை. காலையில் படுதாவை விலக்கிக் குவியலுக்குள் கையை விட்டால் உள்ளே சூடு. அடிநெல்லை அள்ளி மோந்து பார்த்தால் புளிப்பு வாடை. இரண்டு நாள் போனால் முளைவிடும்.

அப்போது தனியார் வியாபாரி வண்டியோடு வருகிறார். ஈரநெல்லுக்கு அவர் சொல்வதுதான் விலை. அண்ணன் போட்டுவிட்டார். டீக்கடையில் பேச்சு: "இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருந்தா அரசு வெலை கெடச்சிருக்கும், அவசரப்பட்டுட்டான்." பொறுத்திருந்தவர்கள் யார்? சொந்தக் களமும் கொட்டகையும் உள்ளவர்கள், நகை வட்டிக்கு இந்த மாதம் கெடு இல்லாதவர்கள், மகளின் கல்லூரிக் கட்டணத்தைப் போன மாதமே கட்டிவிட்டவர்கள். இரண்டு நாள் காத்திருப்பதற்கு என்ன விலை என்பது அந்த அண்ணனுக்குப் பைசா சுத்தமாகத் தெரியும். அவர் அதைக் கணக்குப் போட்டுத்தான் விற்றார். எனக்குத் தெரிந்து அந்த வாரம் ஊரில் அதிகம் யோசித்த மனிதர் அவர்தான். அவரைப் போய் அவசரக்காரன் என்றார்கள்.

பயிர்க் காப்பீட்டையும் சொல்ல வேண்டும். முன்யோசனை என்று அரசாங்கம் நம் கையில் கொடுத்திருக்கும் கருவி அது. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், வழக்கமாக நவம்பர் 15-க்குள் கட்ட வேண்டும். கடைசி நாளில் சேவை மையத்தில் கூட்டம் முட்டும். நாளைத் தள்ளிப்போட்டு நிற்பவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்று நினைக்காதீர்கள். விண்ணப்பத்துக்கு, எந்த நிலத்தில் யார் என்ன சாகுபடி செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் கொடுக்கும் அடங்கல் வேண்டும். குத்தகைக்காரர் பெயரில் அடங்கல் வாங்க, அவர்தான் சாகுபடி செய்கிறார் என்று நில உடைமையாளர் ஒத்துக்கொள்ள வேண்டும். எழுத்தில் கொடுத்தால் நாளைக்கு நிலத்தில் உரிமை கேட்பானோ என்ற பயம் உடைமையாளருக்கு. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தும், நிறையக் குத்தகை இன்னும் வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது. சிலர் தங்கள் பெயரிலேயே காப்பீடு செய்து, இழப்பீடு வந்தால் அதையும் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். உழுதவன் முன்யோசனையோடு இருக்க விரும்பியும், ஒரு கையெழுத்து இல்லாமல் வெறுங்கையோடு வெள்ளத்தை எதிர்பார்த்து நிற்கிறான்.

இதைப் படிப்பவர்களில் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருந்துகொண்டு, இங்கே இரண்டு மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். தீபாவளிக்கு ஊருக்கு வருவீர்கள். அதற்குப் பிறகு காப்பீட்டுக் கெடுவுக்கு இருக்கும் நாட்கள் கொஞ்சம்தான். வந்ததும் உங்கள் நிலத்தை உழுபவரைக் கூப்பிட்டு, இந்த வருடம் காப்பீட்டுக்கு அடங்கல் வாங்கிவிட்டாரா என்று நீங்களாகவே கேளுங்கள். அவர் உங்களிடம் கேட்கத் தயங்குவார். இல்லையென்றால் அவரோடு கிராம நிர்வாக அலுவலர் அலுவலகம் வரை நடந்து போய், யார் சாகுபடி செய்கிறார் என்று உள்ளதைச் சொல்லிவிட்டு வாருங்கள். அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், குத்தகை நெல்லை எப்போது அளப்பது என்ற பேச்சைப் பத்து நாள் தள்ளி வையுங்கள். அவர் கொள்முதல் நிலைய வாசலில் இன்னும் இரண்டு ராத்திரி நிற்க அந்தப் பத்து நாள் போதும்.